குளிர்ந்த இடத்தில் வைக்கவும்

1

நாம் சிலோனிலிருந்து வந்து மலையில் குடியேறிய நாளைக் காலனியில் வருஷா வருஷம் கொண்டாடுகிறீர்கள். இந்தத் தடவை விழா மலர் போடுவதாகவும், வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கத்து வாழ்க்கையை எழுதி அனுப்ப வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினீர்கள். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். எழுதுவதில் ஒரு வசதி, யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் பனி கொட்டுகிறது, ரயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பனி கொட்டத்தான் செய்கிறது. ரயில் வருவதில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு.

என் மூத்த பிள்ளை சேகர் வலிப்பு வந்து ஓடையில் விழுந்து செத்த அன்று, மன்னவனூரில் எங்கள் வீட்டு முன்னால் நீங்கள் எல்லாரும் நின்றீர்கள். என் வீட்டுக்காரர் மருந்து பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் மாத்திரை இருந்தது. "பாருங்கய்யா, இவ புள்ளைக்கு மருந்தே குடுக்கல" என்றார். எல்லாரும் கேட்டீர்கள். என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்று எனக்குக் குரல் வந்திருக்காது.

"வீட்டு விஷயத்தை ஏம்மா ஊருக்கு எழுதுற?" என்று மகள் தேவகி கேட்டாள்.

ஊர் கூடி நிற்கும்போது சொன்னதுதானே, ஊர் கூடிப் படிக்கட்டும் என்றேன்.

2

இங்கே என் சோலி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளனே எழுந்து பேத்தி காவ்யாவுக்குச் சோறு கட்டிக் கொடுப்பேன். அது அப்படியே திரும்பி வரும். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களாம். பிறகு அவளைக் கொண்டுபோய் விடுவேன். கேட் வரும் முன்னாலேயே என் கையை விட்டுவிட்டு ஓடிவிடுவாள். சாயங்காலம் வரைக்கும் வீட்டில் நானும் துணி துவைக்கிற மிஷினும்தான். மருமகன் லண்டனில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். தேவகி மருந்துகளை ஆராய்ச்சி செய்கிற உத்தியோகத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு வரும்போது பேசத் தெம்பு இருக்காது.

விசாவுக்காகச் சென்னையில் ஒரு ஆபீசில் நின்றது ஞாபகம் இருக்கிறது. பிறந்தது இலங்கை, பாஸ்போர்ட் இந்தியா, போவது இங்கிலாந்து. அந்தம்மாள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "கணவர் ஏன் கூட வரவில்லை?" என்று கேட்டாள். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேவகிதான், "அவருக்கு ஆட்டுப் பண்ணையில வேலை, ஆட்டை விட்டுட்டு வர முடியாது" என்றாள். அந்தம்மாள் சிரித்துவிட்டாள். ஆட்டுக்காகப் பெண்டாட்டியை அனுப்பி வைக்கிற மனுஷன் என்று நினைத்திருப்பாள். அப்படியே நினைக்கட்டும், உண்மைக்கு அது எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு கோயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் நடத்துகிறார்கள். ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "நீங்கள் இந்தியாவோ?" என்றார். பிறந்தது சிலோன் என்றேன். முகம் மலர்ந்து, "அங்கை எவ்விடம்?" என்றார். அட்டன் பக்கம், தோட்டம் என்றேன். "ஓ, தோட்டமோ" என்று சொல்லிவிட்டுப் பிரசாதம் வாங்கப் போய்விட்டார். கொடைக்கானல் சந்தையில் என்னைச் சிலோன்காரி என்பார்கள். இங்கே சிலோன்காரர்களுக்கு நான் தோட்டக்காரி. இதற்குக் கப்பல் ஏறி, விமானம் ஏறி வந்திருக்க வேண்டியதில்லை.

காவ்யாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. எதைக் காட்டினாலும் 'கூல்' என்பாள். வந்த புதிதில் நான் பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பியைப் பார்த்து, "கூல், பாட்டி!" என்றாள். பிள்ளைக்குக் குளிருகிறது போல என்று ஓடிப்போய் ஒரு ஸ்வெட்டரும் எடுத்து வந்து மாட்டிவிட்டேன். தேவகி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா இருக்குன்னு சொல்றாம்மா."

அந்த வார்த்தை எனக்கு ஏற்கெனவே தெரியும். வேறு ஒருத்தி வாயிலிருந்து கற்றுக்கொண்டது.

3

சேகருக்கு முதல் வலிப்பு உருளைக்கிழங்குக் காட்டில் வந்தது. நாத்தனார் பேச்சியம்மா பிள்ளை கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தாள், நான் கோடாங்கியிடம் திருநீறு வாங்கி வந்தேன். அப்புறம் கொடைக்கானலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மாத்திரை எழுதினார்கள். அது கேட்டது. அந்தக் கோடை முழுக்கப் பிள்ளை கீழே விழவில்லை.

மழைக்காலம் வந்தால் ரோடு சரிந்துவிடும், பஸ் வராது. அதனால் நர்சம்மாவிடம் கெஞ்சி, மழை முடிகிற வரைக்கும் வரும்படி ஒரு பெரிய பழுப்பு பாட்டில் நிறைய வாங்கினேன். அவர் டவுன்காரர், பாதிக்குப் பாதி இங்கிலீஷில் பேசுவார். "கூலான எடத்துல வைங்கம்மா, அடுப்புக்கிட்ட வைக்காதீங்க, கெட்டுப்போயிரும்" என்றார். கூல் என்றால் என்ன என்று கேட்க எனக்குக் கூச்சம். வெளியே வந்து பஸ்ஸில் ஒரு பையனிடம் கேட்டேன். "குளுகுளுன்னு இருக்கிறதுக்கா" என்றான்.

மன்னவனூரில் குளிர்ச்சியான இடம் எது என்று தேடினேன். உங்களுக்குத் தெரியும், ஐப்பசியில் மஞ்சு மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும். துணி காயாது, உப்பு ஒழுகும். உப்புச் சட்டியை மட்டும் அடுப்பு மேட்டில் வைப்போம். மாத்திரையை அங்கே வைக்கலாமா? வைக்கக் கூடாது என்று நர்சம்மா சொல்லிவிட்டாரே. வீட்டிலேயே நல்ல குளிர்ச்சி தண்ணிப் பானைகளுக்கு நடுவில்தான். அங்கே வைத்தேன். ஒரு நாள் தவறாமல் எடுத்துக் கொடுத்தேன்.

முன்னால் வாங்கிய மாத்திரை விரலால் அழுத்தினால் உடையும். இது போகப் போக இறுகிவிட்டது. பாதியாக்குவதற்குக் குழவியால் தட்ட வேண்டியிருந்தது. இது வீரியமான மருந்து போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வலிப்பு திரும்பி வந்தது. வாரம் ஒன்று, அப்புறம் அடிக்கடி. ரோடு திறந்த ஒரு நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "ஒழுங்கா குடுக்கிறியா, இல்ல சாமியார்கிட்ட சுத்திக்கிட்டுத் திரியிறியா?" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கே அவர் மனதில் அது விழுந்துவிட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நிறைய வாங்கியதால் நிறைய மிஞ்சிக் கிடந்தது. "குடுத்திருந்தா இம்புட்டு ஏன் கெடக்கு?" என்று கேட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டார். "பேச்சி, இனிமே இவகூட எனக்குப் பேச்சு இல்லைன்னு சொல்லிரு." நான் ரெண்டு எட்டு தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து சோறு வேண்டும் என்றாலும் பேச்சியிடம் சொல்வார். பேச்சி இல்லாவிட்டால் நாயிடம் சொல்வார். நான் மட்டும் நேராகவே பேசிக்கொண்டிருந்தேன். "தண்ணி சூடாயிருக்கு, குளிங்க. மஞ்சு எறங்குது, வெரசா வந்துருங்க." பதில் வராது. வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு நாளும் பேசினேன். நானும் நிறுத்திவிட்டால் செய்தேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். தேவகி அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

4

போன வருஷம் தேவகியின் வேலை இடத்தில் குடும்பத்தாரைக் கூட்டி வந்து காட்டலாம் என்று ஒரு நாள் விட்டார்கள். காவ்யாவும் நானும் போனோம்.

வயல்வெளிக்கு நடுவில் உளுந்த வடை மாதிரி ஒரு கட்டிடம். உள்ளே ஒரு வட்டக் குழாய். கண்ணுக்குத் தெரியாத மின் துகள்களை அதற்குள் சுற்ற விடுகிறார்களாம். "நம்ம மலை ரோட்டுல ராத்திரி பஸ் கொண்டை ஊசி வளைவுல திரும்பும்போது லைட்டு பள்ளத்துப் பக்கம் அடிக்கும்ல, அந்த மாதிரிம்மா. வளையிற எடத்துல வெளிச்சம் வெளிய தெறிக்கும்" என்றாள் தேவகி. அது சாதாரண வெளிச்சம் இல்லை. ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரேதான், ஆனால் அதைவிடப் பல மடங்கு பிரகாசம்.

அதை வைத்து இவள் மருந்தைப் பார்க்கிறாள். மாத்திரையைப் பொடி செய்து, முடி மாதிரி மெல்லிசான கண்ணாடிக் குழாயில் அடைத்து, சுழல விட்டு, அதன் மேல் வெளிச்சத்தை அடிக்கிறார்கள். பொடியில் பட்டுச் சிதறுகிற வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் கோடாக வரைகிறது. எங்கெங்கே கோடு கூராக எழும்புகிறது என்று பார்த்து உள்ளே எது எப்படி அடுக்கி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள்.

"ஒரே மருந்துதாம்மா," என்றாள். "ஆனா அடுக்கு மாறினா வேற மருந்து மாதிரி நடந்துக்கும். ஒண்ணு வயித்துல கரையும், இன்னொண்ணு லேசுல கரையாது."

"அடுக்கு எப்படி மாறும்?"

"சிலது சூட்டுல மாறும். சிலது ஈரத்துல. காத்துல இருக்கிற தண்ணி உள்ள போய் மருந்தோட சேந்து உக்காந்துக்கும். மாத்திரை கல்லு மாதிரி இறுகிப்போயிரும். முழுங்கினாலும் ரத்தத்துல சரியா சேராது. வலிப்பு மாத்திரை ஒண்ணு இருக்கு, அது அப்படித்தான். ஈரமான எடத்துல வச்சுச் சாப்பிட்டவங்களுக்குத் திரும்ப வலிப்பு வந்திருக்கு..."

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாகத் 'தேங்க்யூ' என்று சொல்லிவிட்டேன். அவள் கோப்பையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இதைத்தான் நீ இத்தன வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கியா?"

"இது மட்டும் இல்லம்மா, எத்தனையோ மருந்து."

"ஒரு தடவகூட உனக்கு அண்ணன் ஞாபகம் வரலையா?"

தேவகி கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். "அண்ணன் என்ன மாத்திரை சாப்பிட்டுச்சுன்னே எனக்குத் தெரியாதும்மா. அப்பா, நீ குடுக்கலைன்னு சொன்னாரு. நான் அதோட விட்டுட்டேன்."

அதோடு விட்டுவிட்டாளாம். என் வயிற்றில் பிறந்தவள்.

5

நான் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பழுப்பு பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தேன். தேவகி கத்திவிட்டாள். "ஐயோ, இதை ஏர்போர்ட் தாண்டி எப்படிம்மா கொண்டாந்த?"

"ஊறுகான்னு சொன்னேன்."

அந்த வெளிச்சத்தில் இதை வைத்துப் பார் என்றேன். அவள் முதலில் முடியாது என்றாள். சொந்த விஷயத்துக்கெல்லாம் அங்கே நேரம் கிடைக்காதாம். எதை ஆராயப் போகிறோம் என்று எழுதி, அவர்கள் படித்துச் சம்மதித்தால்தான் நாள் ஒதுக்குவார்களாம். அப்புறம் அவளுடைய மேலாளரிடம் பேசினாள். அவருக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஈரம் காட்டிப் பார்ப்பதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நிஜ வீட்டில், நிஜ மழையில் கிடந்த மாத்திரை அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

ஒரு தாள் வந்தது. பொருள் யாருடையது என்ற இடத்தில் என் பெயர். தமிழில் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு கேள்விக்குத் தேவகி யோசிக்காமல் ஏதோ எழுதினாள். அது என்ன என்று கேட்டேன்.

"இந்தப் பொருளால யாருக்காவது ஆபத்து உண்டான்னு கேக்குறாங்கம்மா. இல்லைன்னு எழுதியிருக்கேன்."

நான் பாட்டிலின் மூடியை இறுக்கி வைத்தேன்.

அவர்கள் முறை வருவதற்குக் குளிர்காலம் முழுக்கப் போனது. கடைசியில் ஒரு நாள் கம்ப்யூட்டரைச் சமையல் மேஜையில் திறந்து வைத்தாள். வெள்ளையில் ஒரு நீலக் கோடு, நம் மலைகளை யாரோ குச்சி குச்சியாக வரைந்த மாதிரி. "எங்க சார் பாத்துட்டு பியூட்டிஃபுல்னாரும்மா. இவ்வளவு சுத்தமா மாறின சாம்பிள் கிடைக்கிறது கஷ்டமாம்." அவர் எனக்கு ஒரு நன்றி அட்டையும் அனுப்பியிருந்தார். பூப் போட்டது. காவ்யா எட்டிப் பார்த்தாள். "கூல்!" என்றாள்.

"அப்படின்னா என்னடி அர்த்தம், எனக்குச் சொல்லு," என்று தேவகியைக் கேட்டேன்.

"முழுசா மாறிப்போயிருக்கும்மா. பழைய அடுக்கு கொஞ்சம்கூட இல்ல. எல்லாமே தண்ணி சேந்தது."

"அப்ப நான் கல்லைத்தான் குடுத்திருக்கேன். நான் குடுத்தேன், அது வேலை செய்யல. அதானே?"

அவள் மூக்கைத் தேய்த்தாள். சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல முடியாவிட்டால் அப்படிச் செய்வாள். "மாறியிருக்குன்னுதான் சொல்ல முடியும்மா. எப்ப மாறுச்சுன்னு இந்த வெளிச்சம் சொல்லாது. அண்ணன் இருக்கும்போதே மாறியிருக்கலாம். அதுக்கப்புறம் பெட்டியில கெடந்த இத்தன வருசத்துலயும் மாறியிருக்கலாம்."

"குழவியால தட்டி உடைச்சேன்னு சொல்றேனே."

"நீ சொல்ற, நான் நம்புறேன். ஆனா அது ஆதாரம் ஆகாது." பிறகு மெதுவாக, "ஏம்மா, போயும் போயும் தண்ணிப் பானைக்கு நடுவுலயா வச்ச? ட்ரை பிளேஸ்னு லேபிள்ல போட்டிருக்குமே," என்றாள்.

பாட்டிலைத் திருப்பிக் காட்டினாள். குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று இங்கிலீஷில் பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். நர்சம்மா முதல் வார்த்தையை மட்டும் சொன்னார். இரண்டாவதை விட்டுவிட்டார். அவருக்கு என்ன அவசரமோ.

"எனக்கு இங்கிலீஷ் தெரியுமாடி?" என்றேன்.

"தெரியாதுதான். யாருகிட்டயாச்சும் கேட்டிருக்கலாம்."

அவள் முகத்தில் ஒரு பார்வை வந்து போனது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. அவள் அப்பாவுடையது. கொடுக்காதவள் என்ற பழியைக் கழுவ வந்தேன். கொடுத்துக் கெடுத்தவள் என்ற பழி கையில் கிடைத்தது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றியது. "அப்பாகிட்ட நீ சொல்லு. நீ படிச்சவ, நீ சொன்னா நம்புவாரு."

"உறுதியா தெரியாததை நான் எப்படிம்மா சொல்லுவேன்?" என்றாள். அவள் தொழிலுக்கு அது நியாயமாக இருக்கலாம்.

6

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு நானே போன் போட்டேன். இப்போது பேச்சி ஒரு செல்போன் வைத்திருக்கிறாள். வீட்டுப் பின்னால் ஒரு மூலையில் நின்றால்தான் மன்னவனூரில் அது கேட்கும்.

"மதினி! என்ன இந்நேரத்துல? சீமைச் சாப்பாடு ஒத்துக்கிருச்சா? குண்டாயிட்டீகளாம்ல?"

"உங்க அண்ணன் எங்க?"

"இந்தா, பின் தாவாரத்துல பீடியோட உக்காந்திருக்காரு. ஆட்டுக்குட்டிகூட அவருகிட்ட ஒண்ட மாட்டேங்குது, அப்பிடி இருமல்."

"போனை அவரு காதுல வையி."

வைத்தாள். மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. நான் எப்போதும் போல நேராகவே பேசினேன். தேவகி வெளிச்சம் போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். மாத்திரை ஈரத்தில் வேறாக மாறி உள்ளே கரையாமல் போயிருக்கிறது என்றேன். எப்போது மாறியது என்று மிஷினால் சொல்ல முடியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. "நான் குடுத்தேங்க. ஒரு நாள் விடாம குடுத்தேன். உங்க புள்ளைக்கு நான் குடுக்காம இருப்பேனா?"

அவர் தொண்டையைச் செருமினார். என் பேரைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

குரல் போனை விட்டு விலகியது. "பேச்சி, தண்ணிப் பானைக்கு நடுவுல வச்சது யாருன்னு கேளு."

பேச்சி போனை வாங்கினாள். "மதினி, அண்ணன் என்ன கேக்குதுன்னா..."

"கேட்டுச்சு பேச்சி."

நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டுக்காரர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் குரல் எனக்கே அந்நியமாக வந்தது.

"பேச்சி, உங்க அண்ணன்கிட்டச் சொல்லு. வச்சது நான்தான். எடுத்துக் குடுத்ததும் நான்தான். அவரு ஒரு நாளாச்சும் அந்தப் பாட்டிலைத் தொறந்து அவரு கையால ஒரு மாத்திரை எடுத்துப் புள்ளை வாயில போட்டாரான்னு கேளு."

"மதினி! என்னது இது, நீங்களுமா? ரெண்டு பேத்துக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?"

"ஆமா. இத்தன வருசம் ஒரு பக்கம்தானே சுமந்த. இனிமே ரெண்டு பக்கமும் சுமந்துக்க. நானும் இனி அவருகிட்ட நேரா பேசுறதா இல்ல. கேளு."

பிறகு அவள் கேட்பது காதில் விழுந்தது. "அண்ணே, மதினி கேக்குது. நீங்க ஒரு நாளாச்சும் உங்க கையால எடுத்துக் குடுத்தீகளான்னு."

நாற்காலி நகர்கிற சத்தம்.

"என்ன சொன்னாரு பேச்சி?"

"ஒண்ணும் சொல்லல மதினி. எந்திரிச்சுப் பண்ணைப் பக்கமா நடக்குறாரு. துண்டுகூட எடுக்கல. மழை வேற கொட்டுது."

"போகட்டும்," என்றேன். "திரும்பி வந்ததும் மறுபடியும் கேளு."